மூலையில் நின்றால் கேட்கும்

விடியற்காலை மூன்று மணி சொச்சம். நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். விளக்குக் கம்பம் கிடையாது, வீடு கிடையாது, எதிரே ஒரு வண்டி கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பால் டேங்கர் வந்துகொண்டிருந்தது.

வளைவு இல்லை. மழை இல்லை. கோடு போட்ட மாதிரி நேர்ச் சாலை. அதில் டேங்கர் மெல்ல... மெல்ல... இடப்பக்கமாக ஒதுங்கியது. பிரேக் பிடித்த தடமே இல்லை. மண்ணில் இறங்கி, அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது.

முதலில் பார்த்தவர் வேலை முடிந்து சைக்கிளில் வந்த ஒரு வாட்ச்மேன். தூரத்தில் சாலை வெளுப்பாகத் தெரிந்ததும் நிலா வெளிச்சம் என்று நினைத்தாராம். அன்றைக்கு நிலாவே இல்லை என்பது கிட்டே வந்த பிறகுதான் உறைத்தது. சாலை முழுக்கப் பால். இறங்கி நடந்தார். கணுக்கால் ஜில்லிட்டது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எழுப்பினால் எழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது...

எழவில்லை.

"தூங்கிட்டானா?" என்றார் வக்கீல், இருட்டிலிருந்து.

"ஆமா. அதான் கதையே."

நாங்கள் ஐந்து பேர், வக்கீல் நண்பரும் சேர்த்து. நண்பன் ஒருவனுடைய புது வாடகை வீடு. அவன் அன்றுதான் ஒரு சப்வூஃபர், கனமான ஒலிக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, வாங்கி வந்திருந்தான். அதை அலற விட்டுக் காட்டத்தான் எங்களை அழைத்ததே. அட்டைப் பெட்டியைப் பிரித்து, வயரைச் சொருகி, பெருமையாக நிமிர்ந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. தெருவே கறுத்துப் போனது. ஒரு செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தோம். "இத எங்கடா வைக்கலாம்? அந்த மூலைல வெச்சா நல்லா அதிரும்ல?" என்று வீட்டுக்காரன் கேட்டான். அவன் கை காட்டிய மூலையைப் பார்த்தேன். எனக்கு அந்த டேங்கர் ஞாபகம் வந்துவிட்டது.

"பால் வண்டிக்கும் என் ஊஃபருக்கும் என்னடா சம்பந்தம்?"

"சொல்றேன். குறுக்க பேசாம கேளு."

இது என் சிநேகிதன் ஒருவனுடைய அக்கா கணவருக்கு நடந்தது. அவன் அத்தான் என்பான். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அத்தானாகிவிட்டார்.

அத்தானுக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் பிளாஸ்டர் மாவில் தாடையை வார்த்து, அதன் மேல் பல் வரிசையை உட்கார வைப்பார். நூலிழை பிசகினாலும் மெல்லும்போது குத்தும். அதனால் பிசகு என்பதே பிடிக்காத மனுஷர். விடியும் முன்பே போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. இருட்டிய பிறகுதான் வருவாள். இடையில் கிடைக்கிற மதியம் முழுக்க அத்தானுக்குச் சொந்தம். அவருக்கும், அவருடைய ஸ்பீக்கர்களுக்கும்.

"என்னைக் கட்டினதுக்கு அந்தப் பெட்டிங்களையே கட்டியிருக்கலாம் நீங்க," என்பாள் அக்கா.

"கட்டியிருக்கலாம்தான். வேணாம்னா அணைச்சு வெச்சுக்கலாம்," என்பார் அத்தான். அதற்குமேல் பேசினால் சாப்பாடு கிடைக்காது என்பதால் நிறுத்திக்கொள்வார்.

அவரிடம் ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தது. குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அறைக்குள்ளேயே வந்து நிற்கும். அடியில் போகிற கனமான ஒலி மட்டும் அதற்கு எட்டாது. அதற்காகத்தான் சப்வூஃபர் வாங்கினார். வாங்கிவிட்டால் போதுமா? மூன்றையும் சேர்ந்து பாட வைக்க வேண்டுமே. ஸ்பீக்கர் எந்த இடத்தில் விடுகிறதோ, அதே இடத்தில் ஊஃபர் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் முந்தினால் பாட்டு சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பிந்தினால் நடுவில் ஒரு ஓட்டை விழும். ஒட்டுப் போட்ட சட்டையில் தையல் தெரியக்கூடாது. அந்த மாதிரி.

இதற்காக அவர் பாட்டுப் போடமாட்டார். சோதனைக்கென்று இருக்கிற ஒற்றை ஒலியைப் போடுவார். தாளம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஊ...ம்ம்ம்ம்... என்று ஒரே அடித்தொனி, நிறுத்தாமல். கூடத்தின் நட்ட நடுவில் ஒரு நாற்காலி. அகல இருக்கை, கைப்பிடி, சாய்வு முதுகு. அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். ரிமோட் மடியில். ஊஃபர் உள்ளறைக் கதவை ஒட்டின மூலையில். நாற்காலியிலிருந்து கேட்டால் அடித்தொனி சன்னமாக, சோகையாக இருந்தது. ஏற்றினார். அப்போதும் சோகை. இன்னும் ஏற்றினார். எத்தனை ஏற்றினாலும் நாற்காலிக்கு வந்து சேரவில்லை.

இங்கேதான் அத்தான் செய்த தப்பு.

கனமான ஒலி தண்ணீர்த் தொட்டியில் எழுகிற அலை மாதிரி. சுவரில் மோதித் திரும்பி வரும். போகிற அலையும் வருகிற அலையும் அறைக்கு நடுவில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது. சுவரோரம், மூலையில் போய் நின்றால் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். அத்தானுடைய நாற்காலி சரியாக அந்தச் செத்த இடத்தில் இருந்தது. ரிமோட் இருந்ததால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவருக்கு எட்டாத ஒலியெல்லாம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

கீழே போயிற்று.

கீழ்வீட்டில் அந்த டேங்கர் டிரைவர். ராத்திரி முழுக்க சாலை. பகலில்தான் தூக்கம். அவர் மனைவி கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். மதியத்தில் வீட்டில் அவர் மட்டும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, இரும்புக் கட்டிலில் படுத்திருப்பார். அந்தக் கட்டில் ஊஃபர் இருந்த மூலைக்கு நேர் கீழே.

முதல்முறை அவர் மேலே வந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தார். தடித்த ஆள், மெல்லிய குரல். எவனாக இருந்தாலும் சார்தான் அவருக்கு.

"சார், மேல ஏதாச்சும் மோட்டார் ஓடுதா?"

"மோட்டாரா? இல்லையே."

"என்னமோ உறுமிக்கிட்டே இருக்கு சார்."

"வண்டி ஓட்டி ஓட்டி எஞ்சின் சத்தம் காதுலயே தங்கிடுச்சு போல உங்களுக்கு."

"என் வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா. நீ படுத்தாலும் உன் வண்டி ஸ்டார்ட்லயே நிக்குதுங்கறா," என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

அடுத்த தடவை வந்தபோது சிரிப்பு இல்லை. கண் இரண்டும் சிவந்து, நெற்றி முழுக்கத் தைலம் பளபளத்தது. வாசலில் நின்றார். உள்ளே அப்போதும் அந்த ஒற்றை ஒலி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கண்ண மூடினா நெஞ்சு மேல வந்து உக்காந்துக்குது. கட்டிலே நடுங்குது. பாட்டுப் பெட்டி புதுசா வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க... அதுவா இருக்குமோ?"

அத்தானுக்குச் சுருக்கென்றது. தனக்கே எட்டாத ஒலி கீழே எப்படிப் போகும்?

"உள்ள வாங்க. இந்தா, இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்களே உக்காந்து கேளுங்க."

தன்னுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார். டிரைவர் கூச்சத்தோடு விளிம்பில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அறைக்குள் வேறு நாற்காலி கிடையாது. அதனால் அத்தான் போய்க் கதவோரம், மூலையில் நின்றார்...

ஒலி ஓடும்போது அந்த மூலையில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

முதலில் கடைவாய்ப்பல் கூசியது. அப்புறம் விலா எலும்பு. யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து விடாமல் ஆட்டுகிற மாதிரி. பக்கத்தில் சுவர்த் தட்டு. வேலை மிச்சமென்று அன்று வரும்போது வீட்டுக்கு எடுத்து வந்த மாவுத் தாடைகள் அதில் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கின. கட...கட...கட...கட. குளிரில் பல் அடித்துக்கொள்கிற அதே சத்தம்.

அத்தானுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடியில். கீழே ஒரு மனிதன் இத்தனை நாளாக எதற்கு அடியில் படுத்துக் கிடந்தான் என்பது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கையை நீட்டி, உள்ளங்கையால் அந்தத் தாடைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சத்தம் வராமல்.

"ஏதாச்சும் கேக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றார் டிரைவர். குரலில் அவமானம். "ஒண்ணுமே கேக்கல."

"இல்லாத சத்தம் எப்படிக் கேக்கும்? எதுக்கும் ஒரு டாக்டரப் பாருங்க."

இருட்டில் வக்கீல் தொண்டையைச் செருமினார். "தெரிஞ்சேவா சொன்னான்?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்டா?"

ஏனென்றால் ஒத்துக்கொண்டால் மதியம் போய்விடும். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நாளில் சரியாகப் பொருத்திவிட்டால் ஒலியைக் குறைத்துவிடலாம், அதுவரை அந்த ஆள் பொறுத்துக்கொள்ளட்டும்... இப்படி ஒரு கணக்கு. நாமெல்லாம் போடுகிற கணக்குதான். 

டிரைவர் டாக்டரைப் பார்த்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது அவராகவே சொன்னார். "காதுல ஒண்ணும் கோளாறு இல்லியாம் சார். மனசப் பாக்கணும்னு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க." அத்தான் தலையாட்டினார். "அன்னிக்கு உக்கார வெச்சுக் காட்டினீங்களே, அது பெரிய உதவி சார். இல்லன்னா உங்க மேல வீணா பழி போட்டுருப்பேன்," என்று வேறு சொன்னார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சாலை. அந்தப் பால்.

பால் கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். டிரைவர் பையில் மாத்திரை இருந்ததாம். அந்த ஆள் மாடி ஏறி வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார். "இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. அத்தானுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. இருந்த சத்தம்தான் சார், என் வீட்டுச் சத்தம்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"சொன்னாரு," என்றார். "நான்கூட உக்கார வெச்சுக் காட்டினேன். ஒண்ணும் கேக்கல."

அவ்வளவுதான். புத்தி பிசகின ஆள் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுத்துவிட்டான் என்று முடிந்தது. கூட வண்டி ஓட்டினவர்கள் வீட்டுப் பெண்கள் அவர் மனைவியிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். சொந்தத் தம்பியே, "அண்ணனுக்கு ரொம்ப நாளாவே இருந்திருக்கு, நீங்கதான் மறைச்சிட்டீங்க அண்ணி," என்றானாம். அவள் அந்த இரும்புக் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டாள். கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாள். ராத்திரி எப்போது அத்தான் விழித்தாலும் கீழே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவள் தூங்குவதே இல்லை.

ஒரு நாள் படியில் அத்தானை நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்க அவரப் பாத்திருக்கீங்க, பேசியிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க. அவருக்குப் பைத்தியமா இருந்துச்சா?"

அத்தான் "நல்ல மனுஷன்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டார்.

சில வாரம் ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு மதியம் ஸ்பீக்கர்கள் மேல் மூடியிருந்த துணியை எடுத்தார். ஊஃபர் விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டார். நாற்காலிக்கு ஒலி வராததற்கு அவர் ஒரு வழி சொன்னார்.

"ஊஃபரத் தூக்கி நீங்க உக்கார்ற நாற்காலிலயே வெச்சிடுங்க. ஒரே சத்தத்த ஓட விடுங்க. அப்புறம் தரைல குழந்த மாதிரித் தவழ்ந்துக்கிட்டே அறையச் சுத்தி வாங்க. எந்த இடத்துல தெளிவா கேக்குதோ, ஊஃபருக்கு அதான் இடம்."

"தவழணுமா?"

"யாரும் பாக்காதப்ப செய்ங்க சார். நானும் அப்படித்தான் செஞ்சேன்."

"நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?" என்று வீட்டுக்காரன் கேட்டான்.

"இருக்கு. நீயும் தவழத்தான் போற. கேளு."

வெள்ளை வெயில். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. பேய்க்கு ஏற்ற நேரமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்... ராத்திரி முழுக்க வேலை பார்த்த ஆளுக்கு எது ராத்திரி?

அத்தான் ஊஃபரை மூச்சுப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஒலியைப் போட்டார். முழங்காலும் கையும் ஊன்றித் தவழ ஆரம்பித்தார். காது தரையோரம். ஊ...ம்ம்ம்ம்... ஜன்னல் பக்கம் பெருத்தது. அலமாரி பக்கம் இளைத்தது. நாற்காலியைச் சுற்றி வந்தார். ஒலி தேய்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் சுத்தமாக நின்றுவிட்டது.

அந்த மௌனத்தில் தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்.

கிரீச்.

கொஞ்ச நேரம் கழித்து... கிரீச்.

தூக்கம் வராதவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு படுக்கிறபோது இரும்புக் கட்டில் போடுகிற சத்தம். கீழே கட்டிலே இல்லை. அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு முனை பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டதே அத்தான்தான்.

உள்ளங்கை தரையில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அந்த வாடையும் வந்தது. புளித்த பால். வெயிலில் கெட்டுத் திரிந்த வாடை. தலையைத் தூக்க முடியவில்லை. தவழ்ந்த நிலையிலேயே, நாற்காலிக் காலுக்கு நடுவே பார்த்தார்.

எதிரே கதவு மூலை. அங்கே இரண்டு பாதம்.

தடித்த பாதம். ரப்பர் செருப்பு. செருப்பின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே மாதிரி சுவரோடு ஒட்டி, யாரோ நின்றுகொண்டு அவர் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி இருக்கை மறைத்ததால் முழங்காலுக்கு மேலே தெரியவில்லை.

கேள்வி இல்லை. கோபம் இல்லை. சும்மா நின்றது... அவ்வளவுதான். தட்டில் அன்றிலிருந்து தொடாமலே கிடந்த மாவுத் தாடைகள் நடுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் சட்டென்று நின்றது. யாரோ மேலே கை வைத்து அழுத்தினால் நிற்குமே... அப்படி.

அத்தான் அறையை விட்டு எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அக்கா வந்து பார்த்தபோது சட்டையெல்லாம் ஈரம்.

"பெட்டியத் தூக்கி வித்துடுங்க," என்றாள் அக்கா, எல்லாவற்றையும் கேட்ட பிறகு.

"வித்தா போயிடுமா?"

அவள் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  "பெட்டி என்ன பண்ணும்? நீங்கதான் கீழ போகணும்."

மறுநாள் மதியம். தையல் கடைக்கு விடுமுறை. அத்தான் கீழே போனார். டிரைவர் மனைவி மெஷினில் குனிந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. அத்தான் நின்றபடியே சொன்னார். நாற்காலியை, மூலையை, தாடைகளை அழுத்தினதை, கம்பெனிக்காரரிடம் சொன்னதை. ஒன்று விடாமல்.

அவள் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள். சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"இத்தன நாள் கழிச்சு வந்து சொல்றீங்க," என்றாள்.

"கம்பெனிக்கு வரேன்மா. நாளைக்கே. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அது இருக்கட்டும். முதல்ல எனக்குக் காட்டுங்க."

மேலே வந்தாள். அத்தான் ஊஃபரைப் பழையபடி மூலைக்கே கொண்டுபோய் வைத்தார். அவளை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒலியைப் போட்டார்.

அவள் தோள் குலுங்கியது. கையைக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தட்டில் தாடைகள் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் சொல்லியிருக்காரு," என்றாள். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "என்னய்யா, நானும் உன்ன நம்பலியே."

அத்தான் ஒலியை நிறுத்த ரிமோட்டை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க. அன்னிக்கு அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

நாற்காலியைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். அவள் விட்டுப்போன மூலையில் அத்தான் போய் நின்றுகொண்டார். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"இங்க ஒண்ணுமே கேக்கலியே," என்றாள்.

"கேக்காது."

"எவ்ளோ அமைதியா இருக்கு..." கண்ணை மூடினாள். "கொஞ்ச நேரம் ஓடட்டும் அண்ணா."

ஓடியது. அத்தானுக்குப் பல் கூசி, விலா நடுங்கியது. நெற்றியில் வியர்வை. புளித்த பால் வாடை லேசாக வந்து, கனத்து, அறையை நிறைத்தது. அவளைப் பார்த்தார். அவள் தூங்கியிருந்தாள். புருஷன் போனதிலிருந்து முதல் தூக்கம். வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக. நாற்காலியின் ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டு, மறு பக்கம் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

அப்போதுதான் அத்தான் அதைக் கவனித்தார்.

அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நன்றாகவே சாய்ந்திருந்தது. நாற்காலி முதுகில் இல்லை. கைப்பிடியிலும் இல்லை. தோள் உயரத்தில், வெறும் காற்றில்... விழாமல் நின்றது. கன்னம் எதன் மேலோ அழுந்தி, சதை மெத்தென்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

அத்தானுடைய கட்டைவிரல் ரிமோட்டில் பொத்தானைத் தேடியது. தொட்டுவிட்டது. அழுத்தப் போனார்.

நாற்காலியிலிருந்து, அந்த உறுமலுக்கு நடுவிலும் தெளிவாக, மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"இருக்கட்டும் சார். தூங்குறா."